டெல்லிக் கல்லூரியில் மென்ட்டராவது எப்படி: தமிழ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்லியில் புதுத் தமிழ் மாணவர்களுக்கு மென்ட்டராக, அதாவது வழிகாட்டும் சீனியராகப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது, அளவுக்கு மீறிச் செய்துதான். ஸ்டேஷனுக்கே போய்ப் பெட்டி தூக்குவது, பிஜி (சாப்பாட்டோடு வாடகை அறை) பார்த்துத் தருவது, ஆட்டோக்காரரிடம் இந்தியில் பேசித் தருவது, மாசக் கடைசியில் கைமாற்று கொடுப்பது என்று ஆகஸ்டில் ஆரம்பிக்கும். அக்டோபரில் பார்த்தால் ஜூனியருக்குத் தனியாகக் காஷ்மீரி கேட் போய்வரத் தெரியாது. சீனியருக்கு இரண்டு அசைன்மென்ட் பாக்கி. பாசத்தில் செய்ததுதான். ஆனால் மென்ட்டருக்கான பயிற்சியில் பாதி, எதைச் செய்யாமல் இருப்பது என்று பழகுவதுதான். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதியது. மற்ற இடங்களில் விதிகளின் எண்கள் மாறலாம், முறை மாறாது.

முதல் படி: ஏப்ரலிலேயே பெயர் கொடுப்பது

சீனியர் மாணவர்கள் மென்ட்டராவது கல்லூரி தயவு பண்ணித் தரும் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகளிலேயே இது இருக்கிறது. ஒவ்வொரு கல்வியாண்டின் முடிவிலும், அடுத்த ஆண்டு வரப்போகும் மாணவர்களுக்காக, தாமாக முன்வரும் மாணவர்களைக் கொண்டு ஒரு மென்ட்டரிங் செல் அமைக்க வேண்டும். 6 புது மாணவர்களுக்கு ஒரு மென்ட்டர். 6 மென்ட்டர்களுக்கு மேல்வகுப்பிலிருந்து ஒரு மென்ட்டர். அதாவது இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் புது மாணவர் ஆறு பேரைப் பார்த்துக்கொண்டால், அப்படிப்பட்ட இரண்டாம் ஆண்டுக்காரர் ஆறு பேரை மூன்றாம் ஆண்டுக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்வார். இந்த இரண்டாவது அடுக்கைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மென்ட்டருக்குக் கஷ்டம் வரும்போது கேட்க ஆளில்லை.

உங்கள் கல்லூரியில் செல் இருக்கிறதா என்று துறையின் பொறுப்பு ஆசிரியரான டீச்சர் இன்சார்ஜிடமோ ராகிங் தடுப்புக் குழு ஆசிரியரிடமோ கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கக் கடிதம் போதும்: விதிமுறையின் பெயரும் ஆண்டும், முன்வரும் மாணவர்களின் பெயர், பயிற்சிக்குக் கேட்கும் நாட்கள், பொறுப்பேற்க நீங்கள் கேட்டுக்கொள்ளும் ஆசிரியர். ஏப்ரல் பாதிக்குள் கொடுத்துவிடுங்கள். மே வந்தால் செமஸ்டர் தேர்வு, அதன்பின் எல்லோரும் ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள்.

யாரைச் சேர்க்கக் கூடாது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். மாணவர் சங்கத் தேர்தலில் நிற்கிறவர்கள், பிரசாரம் செய்கிறவர்கள் வேண்டாம். தேர்தல் பெரும்பாலும் செப்டம்பரில் வருகிறது, புது மாணவர்கள் வெறும் ஓட்டாகிவிடுவார்கள். பிஜிக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர் எவ்வளவு நல்லவரானாலும் வேண்டாம். மூன்று பேப்பருக்கு மேல் பேக் (தேறாத பாக்கி) வைத்திருப்பவர் முதலில் தன் பேப்பரைப் பார்க்கட்டும். பேச்சுத்திறமையை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். கலகலப்பானவர்களைத் தேர்ந்தெடுத்தால் அவர்களைச் சுற்றிக் கூட்டம் சேரும். மூலையில் உட்கார்ந்திருப்பவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

பயிற்சிக்கு மொத்தம் 18 மணி நேரம் ஒதுக்குங்கள். தேர்வுக்கு முன் இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் 3 மணி நேரம். மீதி 12 மணி நேரம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம், மூன்று நாள். ஒரே மூச்சில் இரண்டு நாளில் முடித்தால் கேட்டது எதுவும் நிற்காது.

இரண்டாம் படி: காது கொடுக்கப் பழகுவது

முதல் சனிக்கிழமை முழுக்க இதுதான். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் சொல்பவர், ஒருவர் கேட்பவர், ஒருவர் கவனிப்பவர். சொல்பவர் 7 நிமிடம் தன் முதல் செமஸ்டரில் நடந்த ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பிறகு 3 நிமிடம் கவனித்தவர் பேசுவார். அப்புறம் இடம் மாறிக்கொள்வது. மூன்று சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகும்.

கவனிப்பவர் கையில் ஒரு தாள், அதில் இரண்டே கோடு. கேட்பவர் “எனக்கும் இப்படித்தான்” என்று தன் கதைக்குத் தாவினால் முதல் கோட்டில் ஒரு புள்ளி. “நீ ஒண்ணு பண்ணு” என்று யோசனை சொன்னால் இரண்டாவதில் ஒரு புள்ளி. முதல் சுற்றில் ஏழு நிமிடத்துக்குள் ஐந்தாறு புள்ளி விழுவது சகஜம். நமக்கு ஒருவர் கஷ்டம் சொன்னால் உடனே வழி சொல்லாவிட்டால் மரியாதையில்லை என்ற நினைப்பு. மூன்றாவது சுற்றில் ஒன்றிரண்டாகக் குறைந்தால் போதும். பூஜ்யம் வந்தால் அவர் நடிக்கிறார்.

கீழே இருப்பது நடித்துப் பார்க்க ஒரு காட்சி. ஜூனியர் மூன்றாவது வாரத்தில் வந்து நிற்கிறார்.

“அக்கா, நான் ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்.”

பெரும்பாலானவர்களிடமிருந்து வரும் பதில்: “அய்யோ, அதெல்லாம் ரெண்டு மாசத்துல பழகிடும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. டெல்லி சீட் யாருக்குக் கிடைக்கும்?” இதோடு பேச்சு முடிந்தது. ஜூனியர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். என்ன நடந்தது என்று தெரியாமலே போகும்.

பயிற்சிக்குப் பின் வர வேண்டிய பதில்: “போயிடலாம்னு தோணுற அளவுக்கு ஆயிடுச்சா. எப்பத்துலேர்ந்து இப்படி இருக்கு?” பிறகு வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி காத்திருப்பது. அந்தப் பத்து விநாடி நீளமாகத் தெரியும், மனதுக்குள் எண்ணுங்கள். அப்புறம்தான் வரும்: “கிளாஸ்ல சார் பாதி இந்தியிலயே பேசறார்க்கா. எல்லாரும் சிரிக்கிறாங்க, எதுக்குன்னே தெரியல.” இப்போது பிரச்சினை ஊருக்குப் போவது அல்ல, ஒரு வகுப்பின் மொழி. அதற்கு டீச்சர் இன்சார்ஜிடம் போக வழி இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். முதல் சந்திப்பில் “நீங்க” என்றே ஆரம்பியுங்கள். அவர்களாக “நீ-ன்னே கூப்பிடுங்கண்ணா” என்றபின் மாறலாம். அண்ணா, அக்கா என்று கூப்பிடுவது நம் வழக்கம், இருக்கட்டும். “சார்” என்று கூப்பிடச் சொல்லும் சீனியர் எங்காவது இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ராகிங் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்றும் உண்டு: “எந்த ஊரு? அதுல எந்தப் பக்கம்? என்ன ஆளுங்க?” அன்பாகக் கேட்டாலும் இது சாதி விசாரிப்பு. எந்த ஒதுக்கீட்டில் சீட், கியூட் நுழைவுத் தேர்வில் என்ன மார்க் என்பதும் அதே வகை. ஜூனியராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: கல்லூரியின் வரைபடம்

இரண்டாவது சனிக்கிழமைக்கு. அதிகம் விளக்க ஒன்றுமில்லை, ஆனால் தப்பாகச் சொன்னால் ஒரு வருஷம் போகும்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நான்காண்டுப் பாடத்திட்டம். ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட்: மூன்று முதன்மைப் பேப்பர் தலைக்கு 4, ஜெனரிக் எலக்டிவ் (வேறு துறையிலிருந்து தேர்ந்தெடுக்கும் பேப்பர்) ஒன்று 4, மொழித்திறன், செயல்திறன், விழுமியம் சார்ந்த பேப்பர்கள் தலைக்கு 2. ஜெனரிக் எலக்டிவ் எடுப்பதில்தான் புது மாணவர்கள் சறுக்குகிறார்கள். அறைத்தோழர் எடுத்ததை எடுப்பார்கள். டுட்டோரியல் எந்த நேரத்தில் என்று பார்க்க மாட்டார்கள். மாற்றுவதற்கான கெடு முடிந்தபின் ஓடிவருவார்கள். மென்ட்டர் எந்தப் பேப்பர் நல்லது என்று சொல்லக் கூடாது. கால அட்டவணையையும் பாடத்திட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அட்டெண்டன்ஸ் 66.67 சதவீதம், அதாவது மூன்றில் இரண்டு. சதவீதமாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஒரு பேப்பருக்கு 45 வகுப்பு நடந்தால் 30-க்கு இருக்க வேண்டும், 15-க்கு மேல் விடக் கூடாது என்று சொல்லுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்வர ஒரு வாரம் போனாலே இந்தப் பதினைந்தில் மூன்று காலி.

பிறகு நடை. கையில் ஒரு தாளோடு கல்லூரியைச் சுற்றுங்கள்: துறை அலுவலகம், கணக்குப் பிரிவு, கவுன்சிலர் அறை, உள்ளகப் புகார்க் குழுத் (பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிப்பது) தலைவரின் அறை, வார்டன், உதவித்தொகையைப் பார்க்கும் ஊழியர், மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு, மருத்துவ அறை. எட்டு இடம். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஆள் இருப்பார்கள் என்று நேரில் பார்த்து எழுதுங்கள். கல்லூரி இணையதளத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி அனுப்பினால், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் ஜூனியர் இரண்டாவது முறை போக மாட்டார்.

நான்காம் படி: எல்லை எங்கே, கைமாற்றுவது எப்படி

மூன்று நாள் பயிற்சியில் ஒரு முழு நாள் இதற்கு. கல்லூரிக் கவுன்சிலரையும் உள்ளகப் புகார்க் குழுவிலிருந்து ஒருவரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். இதை மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது சரிவராது.

முதலில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள். முதல் சந்திப்பிலேயே, யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே, இதைச் சொல்லிவிட வேண்டும்: “நீங்க சொல்றது எனக்குள்ளயே இருக்கும். ஆனா யார் உயிருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, ராகிங்னாலோ, நான் பொறுப்புல இருக்கறவங்ககிட்ட சொல்லியாகணும். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. முதலாண்டு மாணவர்களில் 17 வயதுக்காரர்கள் நிறைய. பதினெட்டு நிறையாதவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டம். அப்படி ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் போங்கள்.

பதினெட்டைத் தாண்டியவர் பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால், புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. யுஜிசியின் 2015 விதிமுறைப்படி சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் தர வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் போய்ப் “பேசித் தீர்ப்பது” மென்ட்டர் வேலையில்லை. நல்லெண்ணத்தில் செய்தாலும் புகாரே கெட்டுப்போகும்.

ராகிங்கில் யோசிக்க எதுவுமில்லை. 1800-180-5522, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். கல்லூரிக் குழுவுக்கும் அன்றே தெரிவியுங்கள். 2016-இல் வந்த திருத்தத்தின்படி சாதி, மதம், நிறம் மட்டுமல்ல. மொழி, பிறந்த ஊர், பொருளாதார நிலை இவற்றைச் சொல்லி ஒருவரைத் துன்புறுத்துவதும் ராகிங்தான். “மதராசி” என்று நாள்தோறும் கிண்டலடித்து ஒருவர் அழுதால், “டெல்லில அப்படித்தான் பேசுவாங்க, கண்டுக்காதே” என்று மென்ட்டர் சொல்லக் கூடாது.

தற்கொலை எண்ணம் பற்றி. பேச்சில் “இருந்து என்ன பண்றது”, “நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி” போன்ற வார்த்தை வந்தால், சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலும் ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். பயிற்சியில் இந்த வாக்கியத்தை ஒவ்வொருவரும் வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பழக வேண்டும். இல்லாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் நாக்கு எழாது. “ஆமா” என்று பதில் வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து கவுன்சிலருக்கோ வார்டனுக்கோ போன் போடுங்கள். இரவானால் டெலி மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண், தமிழிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112. விடிகிறவரை நீங்களே பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கைமாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. “கவுன்சிலரைப் போய்ப் பாரு” என்று அனுப்புவது தட்டிக்கழிப்பதாகத்தான் படும். “நாளைக்குப் பதினொரு மணிக்கு மேடம் இருப்பாங்க. நான் வாசல் வரைக்கும் வரேன், உள்ள வரமாட்டேன். முடிஞ்சதும் கேன்டீன்ல இருப்பேன்.” இப்படி நாள், நேரம், இடம் மூன்றும் இருந்தால் போவார்கள்.

ஐந்தாம் படி: டெல்லியைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது

இங்கேதான் தமிழ் மென்ட்டரின் தனிப் பயன். ஆனால் கூடவே போவது குறைவாகவும், சொல்லி அனுப்புவது அதிகமாகவும் இருக்க வேண்டும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு கழித்து வருபவருக்கு ஸ்டேஷனுக்குப் போய் நிற்பதைவிட ஒரு குரல் செய்தி அனுப்புங்கள்: “அஜ்மேரி கேட் பக்கம் வெளிய வாங்க, அங்கயே மெட்ரோ. மஞ்சள் லைன், சமய்பூர் பாத்லி போற வண்டி. ஆறாவது ஸ்டேஷன் விஸ்வவித்யாலயா. இறங்கி வெளிய வந்ததும் போன் பண்ணுங்க.” மெட்ரோ ஏறி ஆறு ஸ்டேஷன் தனியாக வந்துவிட்ட ஒருவருக்குப் பாதி பயம் அங்கேயே தெளிந்துவிடும்.

பிஜி விஷயத்தில் எந்த வீடு என்று கைகாட்டாதீர்கள். கமலா நகர், விஜய் நகர், தெற்கே சத்ய நிகேதன் என்று இடத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்: முன்பணம் எப்போது திரும்ப வரும், எழுத்தில் உண்டா, கரன்ட் தனி மீட்டரா, ஞாயிறு இரவுச் சாப்பாடு உண்டா. கடைசிக் கேள்வியை நிறையப் பேர் கேட்க மாட்டார்கள். முதல் ஞாயிறு பசியோடு தூங்குவார்கள்.

இந்திக்குப் பதினைந்து வாக்கியம் போதும். “முஜே ஹிந்தி கம் ஆத்தி ஹை, தோடா தீரே போலியே” (எனக்கு இந்தி கொஞ்சம்தான் வரும், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்) என்பது முதலாவது. “ரசீத் தே தீஜியே” (ரசீது கொடுங்கள்) இரண்டாவது. மற்றவற்றை ஜூனியர்களே தங்கள் தேவைக்கேற்பச் சேர்க்கட்டும். அவர்களுக்காக நீங்கள் பேசித் தருவது முதல் பத்து நாளுக்கு மட்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

காலண்டரில் சில தேதிகள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான், முன்போல் 120 நாள் இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு அக்டோபரிலேயே காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நவம்பரில் காற்று மோசமாகும். ஆஸ்துமா உள்ளவர் யார் என்று அதற்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள். குளிருக்கு ஜனவரியில் 4, 5 டிகிரி வரை இறங்கும், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை டிசம்பருக்குள் வாங்கிவிடச் சொல்லுங்கள். நம் தீபாவளி பெரும்பாலும் டெல்லிக்காரர்கள் கொண்டாடுவதற்கு முந்தின நாள் விடியலில் முடிந்துவிடும். அன்று எண்ணெய் தேய்க்க ஆளில்லாத முதல் வருஷம் அது. ஆறு பேரையும் ஒரு இடத்தில் சேர்த்து உட்கார வைத்தால் நல்லது. ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் முருகன் கோயிலும் 1946-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன என்பதை ஒருமுறை காட்டுங்கள். ஆனால் எல்லா ஞாயிறும் அங்கேயே கூட்டிப்போனால் வகுப்பில் ஒரு பீகார்க்காரரோ மணிப்பூர்க்காரரோ நண்பராகாமலே வருஷம் ஓடிவிடும்.

ஆறாம் படி: முதல் ஆறு வாரம்

முதல் வாரம் ஆறு பேரையும் சேர்த்து 40 நிமிடம். கல்லூரிக்குள்ளேயே, பகலில். பிஜி அறையில் வேண்டாம். இரண்டாம் வாரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 20 நிமிடம். மூன்றாம் வாரம், இதுவரை ஒரு செய்தியும் அனுப்பாதவர் யாரோ அவரை நீங்களாகப் போய்ப் பாருங்கள். தினம் நாலு தடவை போன் செய்பவரைவிட இவரைப் பற்றித்தான் அதிகம் கவனம் வேண்டும். நாலாம், ஐந்தாம் வாரங்களில் நாடகம், விவாதம், இசை என்று சொசைட்டி எனப்படும் மாணவர் குழுக்களுக்கு ஆடிஷன் நடக்கும். ஊரில் பள்ளியின் முதல் பேச்சாளராக இருந்தவர் இங்கே முதல் சுற்றிலேயே வெளியே வருவார். அந்த அடி மார்க் அடியைவிடப் பெரியது. ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுக்குங்கள். ஆறாம் வாரம் அட்டெண்டன்ஸ் கணக்கு.

வாட்ஸ்அப் குழு தொடங்கினால் பொறுப்பாசிரியர் ஒருவர் அதில் இருக்க வேண்டும். சீனியர்கள் ரகசியமாகக் குழு வைத்து ஜூனியர்களைத் துன்புறுத்துவதும் ராகிங்காகவே கருதப்படும் என்று 2025-இல் யுஜிசி கல்லூரிகளுக்கு எழுதியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் குழுவில் எதுவும் கேட்காதீர்கள், “எல்லாரும் ரிப்ளை பண்ணுங்க” என்று மிரட்டாதீர்கள்.

பணம். கைமாற்றுக் கேட்டால் ஒரு முறை, திரும்பி வராவிட்டாலும் உங்களுக்கு வலிக்காத தொகை, அவ்வளவுதான். இரண்டாவது முறை கேட்டால் அது உதவித்தொகைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். தன் ஆறு பேரில் ஒருவரிடம் மென்ட்டருக்குக் காதல் என்று வந்துவிட்டால், மறைக்காமல் மேல் மென்ட்டரிடம் சொல்லி அந்த ஒருவரை வேறு குழுவுக்கு மாற்றிவிடுங்கள்.

குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள், காகிதத்தில். நாலு கட்டம்: தேதி, என்ன கேட்டார், எங்கே அனுப்பினேன், மறுபடி எப்போது விசாரிக்க வேண்டும். பெயர் எழுதாமல் ஒன்று முதல் ஆறு வரை எண். “3-ஆம் எண், ஆகஸ்ட் 19, மெஸ் கட்டணம், கணக்குப் பிரிவு, 22-இல் கேட்க” என்ற அளவு போதும். வீட்டுக் கதை, காதல், நோய் எதுவும் ஏட்டில் ஏறக் கூடாது. இதை ஷேர் பண்ணும் ஷீட்டில் போட்டால் ஒரு வாரத்தில் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும்.

டிசம்பரில் ஆறு பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த மாசம் என்கிட்ட கேக்காம நீங்களே முடிச்ச வேலை எது?” பதில் வராதவரோடு ஜனவரியில் இன்னும் இரண்டு சந்திப்பு. மற்றவர்களுக்கு அதோடு விடை. ஏட்டை மேல் மென்ட்டர் முன்னால் கிழித்துப் போட்டுவிட்டு, உங்கள் டிக்கெட் வெயிட்டிங்கில் எத்தனையாவது எண் என்று பாருங்கள். ஆறு பேருக்கும் நினைவூட்டியதில் நீங்கள் புக் பண்ண மறந்திருப்பீர்கள்.